துணி கட்டிய வால்வு

என் வீட்டுக்காரர் கவனக்குறைவானவர் என்று ஆலையின் தலைமை அலுவலகம் ஒரு காகிதத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கோபம் அதற்குப் பின்னால் வந்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை.

அவரைத் தெரிந்த யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்து படுப்பார். எழுந்து போய் ஒருமுறை பார்ப்பார். வந்து படுப்பார், திரும்பவும் போவார். வெளியூர் கிளம்பினால் தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து வாசல் பூட்டை இழுத்துப் பார்ப்பார். இழுத்த இழுப்பில் ஒருமுறை தாழ்ப்பாளே கையோடு வந்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் பஸ்ஸைத் தவறவிட்டுத் தச்சரைத் தேடி அலைந்தோம். 'மறுபடி ஒரு தடவை பாத்துடறேன்' என்பதுதான் அவர் வாயில் அதிகம் புழங்கும் பேச்சு. கல்யாணமான முதல் வாரத்திலேயே என் அண்ணன் அவருக்கு 'மறுபடி' என்று பெயர் வைத்துவிட்டார். ஆலையில் கேட் காவலாளி வரைக்கும் இன்று அதுதான் அவர் பெயர்.

அந்த மறுபடிதான் திறக்கக் கூடாத நேரத்தில் ஒரு வால்வைத் திறந்தார். அதில் என் அண்ணனுடைய வலது கை முழங்கை வரை வெந்துபோனது.

நாங்கள் மூன்று பேரும் ஒரே பால் ஆலையில் வேலை பார்க்கிறோம். அண்ணன் காலை ஷிஃப்டில் ஃபிட்டர். குழாயோ பம்ப்போ வால்வோ எது மக்கர் செய்தாலும் 'ஸ்பானரைக் கூப்பிடு' என்பார்கள், அது அண்ணன். இவர் மதிய ஷிஃப்டில் குழாய் கழுவும் ஆபரேட்டர். நான் ஆய்வகத்தில் இருக்கிறேன். ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணி வரை ஆலை முழுக்கப் பாட்டிலோடு சுற்றி, பால் மாதிரி எடுத்து வந்து சோதித்துப் பார்ப்பது என் வேலை.

பால் ஓடிய குழாயை அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் கெட்டு நாறிவிடும். அதனால் ஒவ்வொரு குழாய் வரிசையும் ஓடி முடிந்ததும் காஸ்டிக் சோடா கலந்த கொதிநீரை உள்ளே விட்டுக் கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் குழாய்க்குள் இருக்கும்வரை நல்ல தண்ணீர். தோலில் பட்டால் சூடு ஒரு பக்கமும் காரம் ஒரு பக்கமுமாகத் தின்றுவிடும். அதைத் திறந்துவிடும் வால்வுகள் பன்னிரண்டும் ஒரே அறையில், ஒரே சுவரில், ஒரே நீல நிறத்தில் இருக்கின்றன. எந்த வால்வு எந்த வரிசைக்கு என்று ஒரு காலத்தில் எண் எழுதியிருந்தார்கள். நீராவி அதைத் துடைத்தே விட்டது. பழகியவர்களுக்கு எண்ணிப் பார்க்காமலே தெரியும்.

அன்று நான்காம் வரிசையில், நிரப்பும் அறைக்குள், குழாய் இணைப்பில் ஒரு ரப்பர் வளையம் கசிந்தது. அண்ணன் இணைப்பைப் பிரித்தார். ஸ்டோரில் இருந்த வளையம் அளவு சேரவில்லை. வெளியே ஆள் அனுப்பி வாங்கி வரச் சொன்னார்கள். அது வந்து சேர்வதற்குள் மணி இரண்டாகி ஷிஃப்ட் முடிந்துவிட்டது. காலை ஷிஃப்ட் ஆட்கள் கைகழுவிக் கிளம்பினார்கள். பாதியில் விட்டுப் போனால் சாயங்காலம் ஒரு வரிசை ஓடாதே என்று அண்ணன் மட்டும் நின்றார். இரண்டேகாலுக்கு இவர் வால்வு அறைக்குள் வந்து நான்காம் வால்வைத் திறந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் பிரித்துப் போட்ட குழாயின் வாயில் கையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் பாக்கெட் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் அண்ணனை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்க் குழாயடியில் நிறுத்தி, இருபது நிமிடம் கையை எடுக்கவே விடவில்லை. ஐந்து விரலும் மிஞ்சியது அவளால்தான் என்று டாக்டர் சொன்னார். அவளை நான் இன்றைக்குப் பார்த்தாலும் என் கை தானாகக் கும்பிடுகிறது.

அதற்குப் பிறகு அண்ணன் இவரோடு பேசவில்லை. ஆஸ்பத்திரியில் இவர் போய் நின்றபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் போனால் அண்ணி வாசலிலேயே நின்று, "அவர் இப்பதான் கண்ணசந்தாரு" என்பாள். உள்ளே டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருக்கும். அண்ணி மேல் எனக்கு வருத்தமில்லை. புருஷன் கையைத் தினமும் பிரித்துப் பார்த்துக் கட்டுகிறவள் அவள்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர். பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பார், குரலை உயர்த்த மாட்டார். இவரை ஒரு நாள் கூப்பிட்டு விசாரித்தார், அண்ணனை வீட்டுக்கே போய் இன்னொரு நாள் விசாரித்தார். இரண்டு வாக்குமூலத்தையும் டைப் அடித்து இணைத்து, மேலே தன் அறிக்கையை வைத்தார். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ஒரு வரிதான் எழுத முடியும். அதில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று இருந்தது. இவர் திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வால்வு அறை இனி கிடையாது, பால் கூடைகளை லாரியில் ஏற்றும் பகுதிக்கு மாற்றிவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தை அவர் பெயரோடு ஓய்வுபெறும்வரை கூடவே வரும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அந்தக் காகிதத்தால் மட்டும் இல்லை. இவர் அதில் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்.

"திறந்தது நான்தானே," என்றார்.

"ஏன் திறந்தீங்க?"

"தெரியல. என் புத்தி அன்னைக்கு எங்க போச்சோ."

விபத்து நடந்த நாளிலிருந்து அவர் கேஸ் அடுப்பை எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. நானே ஒருநாள், "இன்னைக்கு பாக்கலையா?" என்று சீண்டினேன். "நான் பாத்து என்ன ஆகப்போவுது" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டார். இத்தனை வருஷமாக அந்தப் பழக்கத்தை எவ்வளவு திட்டியிருப்பேன். இப்போது அது இல்லாத வீட்டில் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு மனிதர் தன்னைத்தானே நம்பாமல் போவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது கொடுமை.

சனிக்கிழமை சாயங்காலம், இவர் வீட்டுக்குக் கொண்டுவந்த அந்த அறிக்கையின் நகலை நான் முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். ஆய்வகத்தில் எண்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒரே எண் இரண்டு இடத்தில் வந்தால் கண் அங்கே நின்றுவிடும். அண்ணனுடைய வாக்குமூலத்தில் மூன்றாவது வரி: 'வால்வில் துணி கட்டியிருந்தது.' இவருடைய வாக்குமூலத்தில் ஐந்தாவது வரி: 'வால்வில் துணி கட்டியிருந்தது.' ஓர் எழுத்து வித்தியாசமில்லை. விசாரணை அதிகாரி இரண்டுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டிருந்தார். இரண்டு பேரும் ஒத்துப் பேசுகிறார்கள் என்று அவருக்குத் திருப்தி போலிருக்கிறது.

"வால்வுல துணி கட்டியிருந்துச்சுன்னு சொல்லியிருக்கீங்க," என்றேன்.

"ஆமா. கட்டியிருந்துச்சு."

"அதைப் பாத்தீங்க?"

"பாத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, திறந்தேன்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. துணி ஏதோ ஈரம் துடைக்கிற துணி என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் அண்ணன் அதை ஏன் ஒரு பெரிய சாட்சியாகச் சொல்ல வேண்டும், இவர் ஏன் அதையே ஒரு சாதாரண விஷயமாகச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு இவரை இழுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வர மாட்டேன் என்று அடம்பிடித்தார். "வரலைன்னா நான் மட்டும் போய் உங்களுக்கும் சேத்துத் திட்டு வாங்கிட்டு வரேன்" என்றேன். அண்ணி வாசலில் நின்று வழக்கமான வாக்கியத்தைத் தொடங்கினாள். "கண்ணசந்தா என்ன, நான் எழுப்பிக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்துவிட்டேன்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை வெள்ளைக் கட்டோடு தலையணை மேல் இருந்தது. டிவியை அணைத்தார். இவர் வாசல் பக்கமே, செருப்பைக் கழற்றிய இடத்தை விட்டு அதிக தூரம் போகாமல் நின்றார்.

"உன் வீட்டுக்காரரை எதுக்குக் கூட்டிட்டு வந்தே?" என்றார் அண்ணன் என்னிடம்.

"நாளைக்கு அவர் கையெழுத்துப் போடணும்ணே. அதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கணும்."

"எனக்கு ஒண்ணும் பேசறதுக்கு இல்லை. ஒண்ணே ஒண்ணு கேளு அவர்கிட்ட. வேற எவனாவது திறந்திருந்தா நான் மனசை ஆத்திக்குவேன். இவர் எப்படித் திறந்தாரு? துணி கட்டியிருந்துச்சே, அதைப் பாத்துமா திறந்தாரு?"

இவர் தலையை நிமிர்த்தினார். அவர் முகத்தில் இருந்தது குழப்பம் மட்டும்தான்.

"துணி கட்டியிருந்ததாலதானே மச்சான் திறந்தேன்," என்றார்.

அண்ணி கையில் தண்ணீர் டம்ளரோடு நடுவில் நின்றிருந்தாள்.

"என்ன சொன்னீங்க?" என்றார் அண்ணன். பதினேழு நாளில் இவரைப் பார்த்து அவர் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"துணி கட்டின வால்வைத்தான் நாங்க முதல்ல திறப்போம். எந்த வரிசை ஓடி முடிஞ்சிருக்கோ, எதைக் கழுவணுமோ, அதுல துணியைக் கட்டி வெச்சிடுவோம். கழுவினதும் அவுத்துடுவோம். எண்ணெல்லாம் அழிஞ்சுபோச்சே, வேற எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"எத்தனை நாளா?"

"நான் சேந்ததுல இருந்தே அப்படித்தான். ஒம்பது வருஷம்."

அண்ணன் இடது கையால் நெற்றியைத் தேய்த்தார். "எங்க ஷிஃப்ட்ல துணி கட்டினா கையே வைக்கக் கூடாது. அந்த வரிசையில ஆள் வேலை செய்யறான்னு அர்த்தம். நான் சேந்ததுல இருந்து அப்படித்தான். பதினோரு வருஷம்."

எங்கள் ஆலையில் ஷிஃப்ட் சுற்றி வராது. காலையில் வேலை பார்ப்பவர்கள் காலையிலேயே இருப்பார்கள், மதியம் வருபவர்கள் மதியத்திலேயே. அவரவர் வீட்டு வசதிக்கு ஏற்ப எப்போதோ அப்படிப் பிரித்துக்கொண்டார்கள், எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. வேறெந்த ஆலையிலும் இப்படி ஒரு சௌகரியம் இல்லை என்று பெருமைகூடப் பேசுவோம். காலை ஷிஃப்ட் தன் துணிகளை ஒன்றரை மணிக்குள் அவிழ்த்துவிடும். மதிய ஷிஃப்ட் தன் துணிகளை இரண்டு மணிக்கு மேல் கட்டும். ஒரே அறை, ஒரே சுவர், ஒரே துணி. அத்தனை வருஷத்தில் இரண்டும் ஒன்றோடொன்று மோதியதே இல்லை. அண்ணன் நல்ல மனசோடு இரண்டு மணிக்கு மேல் நின்றாரே, அன்றைக்குத்தான் மோதின.

நான் சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது, அது எனக்குக் கொஞ்சமும் பெருமையில்லாதது. அந்த ஆலையில் இரண்டு ஷிஃப்டையும் தினமும் பார்ப்பவள் நான். பதினொரு மணிக்குப் பாட்டிலோடு போகும்போது துணி கட்டிய வால்வைச் சுற்றி ஆட்கள் ஒதுங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று மணிக்குப் போகும்போது துணி கட்டிய வால்வை ஆட்கள் நேராகப் போய்த் திறப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். ஒரு தடவைகூட 'இது என்ன துணி' என்று கேட்கவில்லை. விசாரணை அதிகாரியை அந்தப் பென்சில் டிக்குக்காக மனசுக்குள் அவ்வளவு வைதவள், நானும் பல வருஷமாக அதே டிக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மணி என்ன?" என்று அண்ணன் கேட்டார்.

"பன்னண்டரை," என்றாள் அண்ணி.

"இன்னைக்கும் ஆலை ஓடுது. ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும். இப்ப எத்தனை வால்வுல கட்டியிருக்கானுங்களோ." எழுந்து நின்றுவிட்டார். "வண்டி எடுங்க மாப்ள."

அண்ணி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். யார் கேட்டார்கள். இவருடைய ஸ்கூட்டரில் அண்ணன் பின்னால் ஏறி, கட்டுப் போட்ட கையைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டார். நான் அண்ணியின் வண்டியை ஓட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் போனேன். இவர் சும்மாவே மெதுவாக ஓட்டுகிறவர். அன்றைக்குச் சைக்கிள்காரர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

வால்வு அறையில் மூன்று துணிகள் இருந்தன. காலை ஷிஃப்ட் மேற்பார்வையாளர் அண்ணனைக் கண்டதும் நலம் விசாரிக்கத் தொடங்கினார். அண்ணன் அதைக் கேட்கவே இல்லை. "முதல்ல இது ஒவ்வொண்ணும் யார் கட்டினதுன்னு சொல்லுங்க" என்றார்.

இரண்டாம் வால்வின் துணி ஒரு ஃபிட்டருடையது. அவர் வேலையை முடித்துவிட்டார், அவிழ்க்க மறந்திருந்தார். ஏழாம் வால்வின் துணியைக் கட்டியவர் இன்னும் பம்ப்பைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். வேலை முடிய மூன்று மணி ஆகும் என்றார். அதைக் கேட்டதும் இவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் முக்கால் மணி நேரத்தில் மதிய ஷிஃப்ட் உள்ளே வந்திருக்கும்.

மூன்றாவது துணி, பதினோராம் வால்வில் இருந்தது, யாருடையது என்றே தெரியவில்லை. காலையில் வந்தபோதே இருந்தது என்றார்கள். யாரோ உள்ளே வேலை செய்கிறார்கள் என்று நினைத்து ஏழு மணி நேரம் அந்த வரிசைப் பக்கமே யாரும் போகவில்லை. இவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எங்க ஆளுங்க கட்டினது. நேத்து கழுவ நேரமில்லாம விட்டுட்டுப் போயிருப்பாங்க" என்றார். யாருமே இல்லாத ஒரு வரிசைக்கு ஒரு ஷிஃப்ட் முழுக்க மரியாதை கொடுத்து ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் முடியவில்லை.

மூன்று துணிகளையும் அவிழ்த்து மேஜை மேல் வைத்தார்கள். ஏழாம் வால்வுப் பக்கத்தில் ஓர் ஆளை நிற்க வைத்தார்கள். மேற்பார்வையாளர் அண்ணனைத் தனியாக ஓரமாக அழைத்தார். தனியாக என்று பெயர், நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

"நல்ல வேளையா சொன்னே ஸ்பானர். இனிமே துணியே வேண்டாம்னு ரெண்டு ஷிஃப்டுக்கும் சொல்லிடறேன். ஆனா விசாரணையில இதை இழுக்காதே. வால்வுக்கு ஃபிட்டர் பூட்டு போட்டு, பேர் எழுதின அட்டையை மாட்டணும்னு விதி இருக்கு. துணியைப் பூட்டுக்குப் பதிலாத்தான் கட்டினேன்னு நீ சொன்னா, ஏன் பூட்டு போடலைன்னு உன்னைக் கேப்பாங்க. இப்ப நீ அடிபட்டவன். நாளைக்குத் தப்புப் பண்ணினவன் ஆயிடுவே."

அண்ணன் மேஜை மேலிருந்த துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது, சின்ன வயசிலிருந்தே அப்படி.

அண்ணனையும் அண்ணியின் வண்டியையும் அவர்கள் வீட்டில் விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் இவரிடம், "அண்ணன்கிட்ட நீங்களே கேளுங்க. உண்மையைச் சொல்லச் சொல்லி" என்றேன். இவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"கேக்க மாட்டேன். நீயும் கேக்கக் கூடாது."

"அவர் சொல்லலைன்னா அந்த வார்த்தை உங்க தலையிலதானே நிக்கும்."

"நிக்கட்டும். அவருக்குக் கையே போயிருக்கும். இதுக்கு மேல நான் அவர்கிட்ட ஒண்ணு கேக்கணுமா?"

அன்று முழுக்க நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கூடப் பிறந்தவர் மேலும் கோபம், கட்டிக்கொண்டவர் மேலும் கோபம். இரண்டு பேருடைய நியாயமும் எனக்குப் புரிந்தது, அதனால் கோபம் இன்னும் அதிகமானது. அண்ணனுக்கு இரண்டு தடவை போன் செய்யக் கையை எடுத்து, இரண்டு தடவையும் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அலுவலக அறையில் விசாரணை அதிகாரி காகிதத்தை இவர் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். நான் ஆய்வகத்தில் அனுமதி கேட்டு வந்து கதவோரம் நின்றிருந்தேன். இவர் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார்.

அப்போதுதான் அண்ணன் உள்ளே வந்தார். முகம் வழித்து, நல்ல சட்டை போட்டிருந்தார். வலது பக்கம் சட்டைக் கையை அண்ணி தோள் வரை சுருட்டிவிட்டிருந்தாள்.

"சார், என் வாக்குமூலத்துல கொஞ்சம் எழுதணும்."

"மாத்தணுமா?"

"மாத்தறதுக்கு ஒண்ணும் இல்லை. பாதிதான் சொன்னேன். நீங்களும் பாதிதான் கேட்டீங்க."

அதிகாரி பேனா மூடியைத் திறந்தார். அதற்குப் பிறகு வெகுநேரம் அதை மூடவில்லை. அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். காலைத் துணி, மதியத் துணி, எண் அழிந்த வால்வுகள், இரண்டு மணிக்கு மேல் நின்றதை மதிய ஷிஃப்டில் ஒருவரிடமும் சொல்லாமல் வேலையைத் தொடர்ந்தது. கடைசியில், "விதிப்படி நான் பூட்டு போட்டிருக்கணும். போடலை. அன்னைக்கு மட்டும் இல்ல சார், பதினோரு வருஷமா ஒரு நாளும் போட்டதில்லை" என்றார்.

"ஏன் போடல?"

"பூட்டெல்லாம் பூட்டின அலமாரிக்குள்ள இருக்கு சார்."

அதிகாரி நம்பவில்லை. எழுந்து வந்து பாருங்கள் என்று அண்ணன் கூட்டிப்போனார். ஸ்டோர் வரைக்கும் நடந்தால் போக ஏழு நிமிடம், வர ஏழு நிமிடம். கண்ணாடி அலமாரிக்குள் இருபத்துநாலு சிவப்புப் பூட்டுகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பளபளவென்று வரிசையாகத் தொங்கின. அலமாரியின் சாவி ஸ்டோர்க்காரரிடம். ஸ்டோர்க்காரர் விபத்து நடந்த அன்று விடுப்பு, இன்றைக்கு டீ குடிக்கப் போயிருந்தார். நாங்கள் நால்வரும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் பதினைந்து நிமிடம் காத்து நின்றோம். பரிசோதனைக்கு யார் வந்தாலும் பூட்டு இருக்கிறது என்று காட்டுவதற்காகத் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும், "நான் உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சுக் கேட்டிருக்கணும்" என்றார். அதைச் சொன்னதற்காக அந்த மனிதர் மேல் எனக்கிருந்த கோபத்தில் முக்கால்வாசி அங்கேயே கழிந்தது. கட்டத்தில் இருந்த வார்த்தையை அடித்தார். புதிதாக எழுத அங்கே இடம் போதவில்லை, தனித்தாள் கேட்டார். நானும் என் பங்குக்கு ஒரு தாள் வாங்கி, பதினொரு மணிக்கு என்ன பார்த்தேன், மூன்று மணிக்கு என்ன பார்த்தேன், ஏன் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். 'ஏன்' என்பதற்கு 'தோன்றவில்லை' என்பதைத் தவிர எழுத எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

முடிவில் அண்ணனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, இவருக்கு ஒன்று, இரண்டு ஷிஃப்ட் மேற்பார்வையாளர்களுக்கும் ஆலை மேலாளருக்கும் ஆளுக்கொன்று. லாரிப் பகுதிக்கு யாரையும் மாற்றவில்லை. பூட்டுகள் கண்ணாடியை விட்டு வெளியே வந்து வால்வு அறைச் சுவரில் ஆளுக்கொரு கொக்கியில் தொங்குகின்றன. சாவி அவரவர் இடுப்பில் இருக்கிறது. ஷிஃப்ட் மாறும்போது இரண்டு பக்கத்து ஆட்களும் பத்து நிமிடம் ஒன்றாக அந்த அறையில் நிற்க வேண்டும் என்று விதி போட்டார்கள். முதல் வாரம் முணுமுணுப்புக்குக் குறைவில்லை.

ஆனால் எனக்கு அந்தத் திங்கட்கிழமைதான் ஞாபகத்தில் நிற்கிறது. காகிதமெல்லாம் முடிந்து வெளியே வந்தபோது மணி ஒன்றாகியிருந்தது, கட்டு மாற்ற வேண்டிய நேரம். ஆலையின் முதலுதவி அறைக்குப் போனோம். நர்ஸ் ஒரு வெள்ளைத் தட்டை இவர் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். இவர் பிடித்துக்கொண்டார். கட்டு சுற்றுச் சுற்றாகப் பிரிந்தது. அந்தக் கையை இவர் அதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் அவர் பார்த்ததெல்லாம் வெள்ளைத் துணியைத்தான்.

கடைசிச் சுற்று விலகியது. நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். இவர் திருப்பவில்லை.

"வலிக்குதா மச்சான்?" என்றார்.

யார் கேட்டாலும் அண்ணன் இல்லை என்றுதான் சொல்லுவார். டாக்டரிடம் அப்படித்தான் சொன்னார், அண்ணியிடமும், என்னிடமும் அப்படித்தான். இவரை ஒரு நிமிடம் பார்த்தார்.

"வலிக்குது மாப்ள," என்றார். "ரொம்ப வலிக்குது."

தட்டு நடுங்கி, அதிலிருந்த கத்தரிக்கோல் சத்தம் போட்டது. நர்ஸ் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். இவர் கொடுக்கவில்லை. கண்ணீர் முகவாய் வரை இறங்கியும் துடைத்துக்கொள்ளாமல், இரண்டு கையாலும் தட்டைப் பிடித்தபடி நின்றார். புதுக் கட்டைப் போட்டு முடிக்கும்வரை அப்படியே நின்றார்.